நாம் உடைமையாளர்களா, பொறுப்பாளர்களா?

பத்தாம் வகுப்பு மாணவி, லைட்ஹவுஸ் குப்பம்

மனிதன் கையை மூடிக்கொண்டு பிறக்கிறான், விரித்துக்கொண்டு போகிறான் என்று பெரியோர் சொல்வார்கள். பிறப்புக்கும் இறப்புக்கும் நடுவே சில காலம் அந்தக் கையில் ஏதோ கொஞ்சம் தங்குகிறது. பணம், நகை, வீடு, வலை, படகு, உடுத்தும் உடை என்று அது பலவகைப்படும். அவற்றை நாம் ‘என்னுடையது’ என்கிறோம். ஆனால் விவிலியத்தைத் திறந்து பார்த்தால் அந்தச் சொல்லை அவ்வளவு எளிதாகச் சொல்லிவிட முடியாது என்று தெரிகிறது. உலகமும் அதில் உள்ள யாவும் ஆண்டவருக்குச் சொந்தம். நாம் அவர் வைத்த பொறுப்பாளர்கள். இதுவே திருச்சபை நமக்குக் கற்பிக்கும் பாடம்.

பொறுப்பாளர் என்பதற்குப் புதிய ஏற்பாட்டின் கிரேக்க மொழியில் ‘ஒய்கொனோமொஸ்’ என்ற சொல் இருக்கிறது. ஒரு பெரிய வீட்டின் சாவியும் கணக்கும் யாரிடம் இருக்கின்றனவோ அவரே ஒய்கொனோமொஸ். வீடு அவருடையதல்ல, ஆனால் வேலைக்காரர்களுக்கு வேளா வேளைக்கு உணவு அளந்து கொடுப்பது அவர் கடமை. பொருளியல் என்பதற்கு இன்று உலகம் முழுவதும் வழங்கும் ‘எக்கனாமிக்ஸ்’ என்ற சொல்லும் இதே வேரில் பிறந்ததுதான். பொருளியல் என்றதும் நமக்கு வங்கியும் சந்தையும் நினைவுக்கு வருகின்றன. அதன் வேரிலோ ஒரு வீடும், சாப்பாட்டுக்குக் காத்திருக்கும் ஆட்களும் இருக்கிறார்கள்.

மத்தேயு நற்செய்தியில் வரும் தாலந்து உவமையை நாம் அனைவரும் அறிவோம். தாலந்து என்றால் பாடுவது, ஆடுவது, படம் வரைவது போன்ற திறமை என்றுதான் நம்மில் பலர் எண்ணியிருக்கிறோம். ஆனால் அக்காலத்தில் அது ஓர் எடை. பணமாகச் சொன்னால் ஏறக்குறைய 6000 தெனாரியம். ஒரு தெனாரியம் என்பது கூலியாளின் ஒருநாள் சம்பளம் என்பதைத் திராட்சைத் தோட்ட உவமையிலிருந்து அறியலாம். ஆண்டுக்கு 300 நாள் வேலை என்று வைத்துக்கொண்டால், ஒரு தாலந்து 20 ஆண்டுச் சம்பளம்! ஆகவே ஒரே ஒரு தாலந்து பெற்றவனைப் பார்த்து ‘பாவம், கொஞ்சம்தான் கிடைத்தது’ என்று இரக்கப்படத் தேவையில்லை. அவனுக்கும் நிறையவே கிடைத்தது. அவன் அதைத் திருடவில்லை, குடித்து அழிக்கவும் இல்லை. பத்திரமாகப் புதைத்து வைத்தான். அதற்குத்தான் தண்டனை. பத்திரமாக வைத்திருப்பது எப்படிக் குற்றமாகும் என்று எனக்கும் முதலில் விளங்கவில்லை.

புனித பெரிய பசிலியார் இதற்கு விளக்கம் தருகிறார். 4-ஆம் நூற்றாண்டில் கப்பதோக்கியா நாட்டில் கொடிய பஞ்சம் வந்தபோது தானியத்தைப் பூட்டி வைத்திருந்த செல்வர்களைப் பார்த்து அவர் மறையுரை ஆற்றினார். நம் பெட்டியில் வீணே கிடக்கும் உடை, உடையில்லாதவனுக்கு உரியது என்பது அவர் கருத்து. கொடுத்தால் நாம் தருமவான் ஆகிவிடுவதில்லை. அவனுடையதை அவனிடம் சேர்க்கிறோம், அவ்வளவே. பிற்காலத்தில் திருத்தந்தை 13-ஆம் சிங்கராயர் 1891-லும், திருத்தந்தை 6-ஆம் சின்னப்பர் 1967-லும், திருத்தந்தை பிரான்சிஸ் 2015-லும் எழுதிய சுற்றுமடல்களில் இக்கருத்து வெவ்வேறு விதமாக வளர்ந்து வந்திருக்கிறது. தனியார் சொத்து இருக்கலாம். ஆனால் படைப்புப் பொருள்கள் எல்லா மனிதருக்கும் உரியவை என்பதே அவற்றின் சாரம்.

தோழியரே, இதைப் படிக்கும்போது எனக்குப் பழவேற்காடு ஊரில் உள்ள டச்சுக்காரர் கல்லறைத் தோட்டம் நினைவுக்கு வரும். 1613-இல் டச்சுக்காரர் இங்கே கெல்டிரியா என்ற கோட்டையைக் கட்டினார்கள். துணி வாணிபம் செய்தார்கள். இங்கேயே நாணயமும் அடித்தார்கள். அது மட்டுமா? 17-ஆம் நூற்றாண்டில் பஞ்சத்தில் வாடிய மக்களை விலைக்கு வாங்கி, அடிமைகளாகக் கப்பலேற்றி அனுப்பிய துறைகளில் பழவேற்காடும் ஒன்று. மனிதரையே உடைமைப் பட்டியலில் எழுதினார்கள். அவர்கள் கல்லறைத் தோட்டத்தின் வாசலில் இரண்டு எலும்புக்கூடுகளைக் கல்லில் செதுக்கி வைத்திருக்கிறார்கள். சிறுபிள்ளைகள் அதைக் கண்டு பயப்படுவார்கள். களஞ்சியத்தை இடித்துப் பெரிதாகக் கட்ட நினைத்த அறிவற்ற செல்வனின் கதையை லூக்கா நற்செய்தியில் வாசிப்பவர்கள் ஒருமுறை இங்கே வந்து அந்த வாசலையும் பார்க்கலாம். 1825-இல் ஊர் ஆங்கிலேயர் கைக்குப் போயிற்று. அவர்கள் வருவதற்கு முன்பே, 1515-இல் போர்ச்சுகீசியர் காலத்தில் தோன்றியதாகச் சொல்லப்படும் மகிமை மாதா ஆலயத்தில் இன்றும் பூசை நடக்கிறது.

இனி எங்கள் ஏரிக்கு வருகிறேன். நான் சொல்ல வந்ததும் அதைப் பற்றித்தான்.

பழவேற்காடு ஏரி, ஏரி என்று பெயர் பெற்றாலும் உண்மையில் கடல்நீரும் ஆற்றுநீரும் கலக்கும் காயல். ஒடிசாவின் சிலிகாவுக்கு அடுத்தபடி இந்தியாவில் இதுவே பெரியது. பெரும்பகுதி ஆந்திர மாநிலத்திலும், தென்பகுதி தமிழ்நாட்டிலும் இருக்கிறது. ஸ்ரீஹரிகோட்டா தீவு நடுவில் படுத்துக்கொண்டு ஏரியையும் வங்கக் கடலையும் பிரிக்கிறது. ஏரிநீர் கடலில் கலக்கும் முகத்துவாரம் எங்கள் பக்கத்தில்தான் உள்ளது. எங்கள் குப்பத்துக்குப் பாலம் வருமுன் பழவேற்காட்டுச் சந்தைக்குப் போகவும் படகுதான்.

இறால் குஞ்சாக இருக்கும்போது கடலிலிருந்து முகத்துவாரம் வழியாக ஏரிக்குள் வரும். சேற்றிலும் பாசியிலும் மேய்ந்து வளரும். வளர்ந்ததும் நீர் வடியும் நேரத்தில் மறுபடி கடலுக்குப் புறப்படும். அந்த வழியில் கழி ஊன்றி வலை கட்டியவனுக்கு நல்ல வரும்படி. ஆனால் அப்படிப்பட்ட இடங்கள் ஏரி முழுவதும் இல்லை; முகத்துவாரத்தை ஒட்டிச் சில இடங்களே உண்டு. எல்லாரும் அங்கேயே போனால் என்ன ஆகும்? வலையோடு வலை சிக்கும், பிறகு ஆளோடு ஆள் சிக்கும். முதலில் வந்தவனுக்கே என்றால் பலசாலிக்கு மட்டும்தான் மீன். பணம் கட்டி ஏலம் எடுத்தவனுக்கே என்றால் பணக்காரனுக்கு மட்டும்தான் மீன்.

இதற்கு எங்கள் ஏரிக்கரை முன்னோர் கண்ட வழி ‘பாடு’ என்னும் முறை. கோட்டைக்குப்பம், நடுக்குப்பம், ஆண்டிக்குப்பம் முதலிய பட்டினவர் ஊர்களில் தலைமுறை தலைமுறையாக இது இருந்து வருகிறது. யார், எந்த இடத்தில், எப்போது வலை கட்டுவது என்பதை ஊர் கூடிச் சீட்டுப் போட்டு, முறை வைத்துப் பிரிப்பார்கள். நல்ல இடம் இன்று ஒருவருக்கு விழுந்தால் பிறகு அது இன்னொருவருக்குப் போகும். யாரும் அதைப் பட்டா போட்டுக்கொள்ள முடியாது. ஐக்கிய நாடுகளின் உணவு வேளாண்மை நிறுவனம் 1991-இல் இந்தப் பாடு முறையைப் பற்றி ஓர் ஆய்வையே வெளியிட்டது. எழுதப் படிக்கத் தெரியாத பாட்டன்மார் வகுத்த சட்டம் அது.

‘பாடு’ என்ற சொல்லைப் பற்றியும் சொல்ல வேண்டும். கரையில் எங்கள் ஆயா, படகு வந்ததும் “பாடு எப்படிப்பா?” என்று கேட்பார். அங்கே பாடு என்றால் அன்றைக்குக் கிடைத்த மீன். ‘பாடுபட்டான்’ என்றால் உழைத்தான். ‘அவன் பாடு திண்டாட்டம்’ என்றால் துன்பம். தவக்காலத்தில் நாம் தியானிப்பது ஆண்டவரின் பாடுகள். ஒரே சொல்லில் பங்கும், உழைப்பும், துன்பமும் அடங்கியிருக்கின்றன. தமிழாசிரியை இதற்கு இலக்கணம் சொல்வார். எனக்கு அது ஏரிக்கரையிலேயே விளங்கியது.

பழைய ஏற்பாட்டில் யோசுவா காலத்தில் கானான் நாட்டைக் குலங்களுக்குச் சீட்டுப் போட்டே பிரித்தார்கள். லேவியர் ஆகமத்தின் 25-ஆம் அதிகாரத்தில் நிலத்தை நிரந்தரமாக விற்கக்கூடாது என்று சட்டம் இருக்கிறது. காரணம், நிலம் கடவுளுடையது. மக்கள் அவரிடம் தங்கியிருக்கும் விருந்தாளிகள். 50-ஆம் ஆண்டான யூபிலி ஆண்டில் விற்ற நிலம் பழைய குடும்பத்துக்குத் திரும்ப வேண்டும். பாடு முறையை வகுத்தவர்கள் இந்த அதிகாரத்தை வாசித்தவர்களல்லர், பெரும்பாலோர் இந்துக்கள். ஆனாலும் தண்ணீரில் ஓர் இடம் தனக்கு முறைக்கு மட்டுமே வந்தது, முறை முடிந்ததும் விட்டுவிட வேண்டும் என்பதை, ஞாயிறுதோறும் பூசை காணும் நம்மைவிட அவர்கள் நன்றாக அறிந்திருக்கிறார்கள் என்றே நான் நினைக்கிறேன். இலங்கையில் நீர்கொழும்புக் களப்பிலும் கழி ஊன்றி வலை கட்டும் கத்தோலிக்க மீனவர்கள் சங்கம் வைத்து, இவ்வாறே சீட்டுப் போட்டு இடம் பிரித்துக்கொள்கிறார்கள்.

பாடு முறையைப் புகழ்ந்து இத்துடன் நிறுத்திவிட்டால் அது பாதி உண்மையே ஆகும். சீட்டில் யார் பெயர் எழுதப்படுகிறது என்பதையும் கேட்க வேண்டும். ‘தலைக்கட்டு’ என்று கணக்கில் வருபவர் அந்தந்த ஊர்ப் பட்டினவக் குடும்பத்து ஆண்மகன். பெண்ணுக்குத் தலைக்கட்டு கிடையாது. ஏரியை நம்பிப் பிழைக்கும் மற்றச் சாதியாருக்கும் இந்த முறையில் இடமில்லை. இறாலுக்கு வெளிநாட்டுச் சந்தை வந்து விலை ஏறிய பிறகு, எங்களுக்கும் பங்கு வேண்டும் என்று அவர்கள் கேட்டார்கள். அதனால் ஏரியில் சண்டைகளும் நடந்தன. இருளர் பெண்களை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். அவர்கள் வலையில்லாமல், மார்பளவு தண்ணீரில் இறங்கி, சேற்றைக் கையால் தடவித் தடவி இறால் பிடிப்பார்கள். இரண்டு கையும் தண்ணீருக்குள் இருப்பதால், பிடித்த இறாலைப் போடும் பறியைப் பல்லால் கடித்துக்கொண்டிருப்பார்கள். நாள் முழுவதும் அப்படி. இந்த ஏரி ஆண்டவருடையது என்றால் அவர்களும் அந்த வீட்டில் சாப்பாட்டுக்குக் காத்திருப்பவர்கள்தாமே?

மீனுக்கு ஒரு நல்ல குணம் உண்டு. அது கெட்டுப்போகும். பாலைவனத்தில் இஸ்ராயேல் மக்கள் பேராசைப்பட்டு மறுநாளைக்கு எடுத்து வைத்த மன்னாவில் புழு வைத்தது போல, பதுக்கி வைத்த மீன் மாலைக்குள் காட்டிக்கொடுத்துவிடும். ஐஸ் பெட்டி வருமுன் மீனை உண்ண வேண்டும், விற்க வேண்டும், கருவாடு போட வேண்டும், இல்லையேல் பக்கத்து வீட்டுக்குக் கொடுக்க வேண்டும். இன்றும் படகு கரையேறும்போது வயதானவர்களும் கணவனை இழந்தவர்களும் நின்றால், குழம்புக்கு நாலு மீன் எடுத்துக் கொடுக்காமல் போகமாட்டார்கள். அதைத் தருமம் என்று யாரும் சொல்வதில்லை, கணக்கிலும் எழுதுவதில்லை. ஆனால் அதே மீன் விற்றுப் பணமாகிவிட்டால் கேட்டாலும் கொடுப்பது கடினம். பணம் நாறுவதில்லை அல்லவா! நாறாத பொருளைப் புதைத்து வைப்பது எளிது.

பணத்தைச் சேர்த்து வைப்பதே தவறு என்று நான் சொல்லவில்லை. மீனவன் வீட்டில் வருமானம் மாதச் சம்பளம் போல் வருவதில்லை. ஒருநாள் கை நிறைய வரும். பத்து நாள் டீசல் காசுக்கும் வராது. கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம், மீன் முட்டையிட்டுப் பெருக வேண்டும் என்பதற்காக. மழைக்காலத்தில் கடலும் விடாது. மீனவர் 1500 ரூபாய் சிறுகச் சிறுகக் கட்டினால் மத்திய மாநில அரசுகள் 3000 ரூபாய் சேர்த்து, இல்லாத மாதங்களில் 4500 ரூபாயாகத் திருப்பித் தரும் சேமிப்பு நிவாரணத் திட்டம் இருக்கிறது. எகிப்தில் யோசேப்பு ஏழு செழிப்பான ஆண்டுகளில் தானியம் சேர்த்தது பஞ்சத்தில் பங்கிடுவதற்கு. அறிவற்ற செல்வனும் சேர்த்தான், யோசேப்பும் சேர்த்தார். களஞ்சியம் ஒன்றேதான்; கதவு யாருக்குத் திறக்கிறது என்பதில்தான் வேறுபாடு.

சேமிப்பு இல்லாத வீட்டுக்கு வியாபாரி முன்பணம் கொடுப்பார். வாங்கும்போது அது உதவிதான். ஆனால் கடன் தீரும்வரை பிடித்ததை அவருக்கே, அவர் சொல்லும் விலைக்கே போட வேண்டும். வலை நம்முடையது, உழைப்பு நம்முடையது, விலை மட்டும் அவருடையது. லூக்கா நற்செய்தி 16-ஆம் அதிகாரத்தில், வேலை போகப்போகிறது என்று அறிந்த பொறுப்பாளன் ஒருவன், நூறு குடம் எண்ணெய்க் கடனை ஐம்பது என்றும், நூறு மரக்கால் கோதுமைக் கடனை எண்பது என்றும் மாற்றி எழுதச் சொல்கிறான். அவனை ஆண்டவர் ஏன் பாராட்டுகிறார் என்று அறிஞர்களே பலவாறு விளக்கம் தருகிறார்கள். எங்கள் கரையில் அந்தப் பகுதியை வாசித்தால் யாரும் விளக்கம் கேட்கமாட்டார்கள். கடன் சீட்டில் எண் குறைந்தால் என்ன சந்தோஷம் என்று எல்லாருக்கும் தெரியும். கன்னியாகுமரி, திருவனந்தபுரம் கடற்கரையில் குருக்களும் கன்னியரும் சமூக ஊழியர்களும் துணை நிற்க, மீனவர்கள் சொந்தச் சங்கங்கள் அமைத்து மீனைத் தாங்களே ஏலம் விட்டார்கள். விற்ற பணத்திலிருந்து கடனுக்கும் சேமிப்புக்கும் ஒரு பகுதி அன்றன்றே பிடிக்கப்பட்டது. 1980-இல் இச்சங்கங்கள் சேர்ந்து தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பாக ஆயின. கோயில் உண்டியலில் போடுவது மட்டுமே ஆண்டவருக்குக் கொடுப்பது என்று எண்ணுகிறவர்கள் இதையும் அறிந்துகொள்ள வேண்டும். அடுத்தவனுக்கு அடிமையாகாமல் கணக்கை ஒழுங்காக வைப்பதும் பொறுப்பாளரின் வேலைதான்.

கணக்கு என்றதும் எங்கள் வீட்டு நோட்டு நினைவுக்கு வருகிறது. அம்மா கூடையில் மீன் சுமந்து விற்பவர். என் ஒன்பதாம் வகுப்புக் கணித நோட்டின் பின்பக்கத் தாள்களில்தான் எங்கள் வீட்டு வரவு செலவு இருக்கிறது. அதே நோட்டில் எங்கள் தெரு மகளிர் சுய உதவிக் குழுவின் கணக்கையும் நானே எழுதுகிறேன். 14 பெண்கள், வாரம் ஆளுக்கு 100 ரூபாய். தலைக்கட்டில் பெயர் இல்லாத அம்மாமார்களுக்கு இந்த நோட்டில்தான் பெயர் இருக்கிறது. வலைக்கும், பள்ளிக் கட்டணத்துக்கும், பிரசவத்துக்கும் இதிலிருந்து கடன் கொடுத்திருக்கிறார்கள். அடகு வைத்த தோடு மூன்று இந்தப் பணத்தில் திரும்பி வந்திருக்கிறது.

சென்ற மாதம் ஒரு விவாதம் எழுந்தது. அம்மாவிடம் இறால் கொடுக்கும் இருளர் பெண் ஒருவர், வியாபாரியிடம் வாங்கிய முன்பணத்தை அடைக்க 3000 ரூபாய் கேட்டார். அடைத்துவிட்டால் பிடிக்கும் இறாலை நல்ல விலை தருபவருக்கு விற்கலாம். உறுப்பினர் அல்லாதவருக்குக் கடன் கொடுப்பதில்லை என்பது குழுவின் விதி. “விதியை மாற்றினால் நாளைக்கு எல்லாரும் வருவாங்க” என்றார் ஒரு சித்தி. “வந்தால் என்ன? நூறு ரூபாய் கட்டட்டுமே” என்றார் அம்மா. “நம்ம பிள்ளைங்க பணம்” என்றார் இன்னொருவர். அவர் சொன்னதும் நியாயம்தான். அவர் மகளும் என்னோடுதான் இப்பள்ளியில் படிக்கிறாள். அவளுக்கும் அடுத்த ஆண்டு கட்டணம் இருக்கிறது, எனக்கும் இருக்கிறது. ஆயா மட்டும், கடனாக வேண்டாம், அந்தப் பெண்ணை உறுப்பினராகவே சேர்த்துக்கொள்ளுங்கள், அப்புறம் விதியை மாற்றவே தேவையில்லை என்றார். எல்லாரும் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, அடுத்த கூட்டத்தில் பார்ப்போம் என்று எழுந்தார்கள்.

அக்கூட்டம் வரும் ஞாயிறு பூசைக்குப் பிறகு. நோட்டில் 14 பெயருக்குக் கீழே 15 என்று எண் போட்டுக் கோடு இழுத்து வைத்திருக்கிறேன். பெயர் இன்னும் எழுதவில்லை.